ஒரு கட்டடத்தின் மழைக்கணக்கு

கர்நாடகத்தின் பழைய கிராம வரைபடங்கள் ஓர் அங்குலத்துக்கு 660 அடி என்ற கணக்கில் வரையப்பட்டவை. விகிதமாகச் சொன்னால் 1:7,920. அந்தத் தாளில் விரல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் தரையில் ஏறக்குறைய எட்டு மீட்டர் தாண்டிவிடும். சர்வேயர் இழுத்த கோடு அரை மில்லிமீட்டர் தடிமன் என்றால், அந்தக் கோடு மட்டுமே நான்கு மீட்டர் அகலம். மூன்றாம் நிலை மழைநீர்க் கால்வாயின் நடுவிலிருந்து 15 மீட்டருக்குள் கட்டடம் வரக்கூடாது என்கிறது, 2015ஐ இலக்காக வைத்துப் போடப்பட்ட பெங்களூரின் பெருந்திட்டம். தாளில் அது இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. பெரிய அலுவலக வளாகம் ஒன்று எழும்பலாமா கூடாதா என்ற வழக்கு பல சமயம் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டு மில்லிமீட்டரில்தான்.

660 அடி என்பது சும்மா வந்த எண் அல்ல. அன்றைய மைசூர் சர்வேயில் நிலத்தை அளந்த சங்கிலி 33 அடி நீளம். அதைப் பதினாறாகப் பிரித்து ஒவ்வொரு பங்கையும் ஓர் அணா என்றார்கள். ரூபாயைப் போலவே நிலமும் அணாவில் அளக்கப்பட்டது. ஒரு சங்கிலிக்கு ஒரு சங்கிலி சதுரம் என்றால் ஒரு குண்டா. நாற்பது குண்டா ஓர் ஏக்கர். பெங்களூரில் வீட்டுமனை விற்பவர்கள் இன்றும் குண்டாவில்தான் விலை பேசுகிறார்கள். அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வயலில் நடந்தவர்கள் தங்கள் கோடுகளின் மேல் ஒருநாள் பதினைந்து மாடி நிற்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். அவர்கள் குறித்தது தீர்வை வாங்கத்தக்க நிலம் எது, தகாதது எது என்பதை. தகாதவற்றில் ஓடை, ஏரி, பாதை போன்ற பொது நிலங்களுக்குப் ‘பி கராபு’ என்று பெயர். நம்மூர்ப் புறம்போக்கு மாதிரி. வரி வசூலுக்காகப் போட்ட அந்தக் கோடுதான் இன்று நீரின் வழிக்கு இருக்கும் முதல் சாட்சி.

கட்டடம் எழும்புவதற்கு முன் அதை மதிப்பிடுவது விசித்திரமான வேலை. இன்னும் இல்லாத ஒன்று, இனி வரப்போகும் மனிதர்கள், பெய்யாத மழை, பிடிக்காத தீ ஆகியவற்றைக் கணக்குப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். மாநகராட்சியின் நகரத் திட்டப் பிரிவு, பெங்களூர் வளர்ச்சி ஆணையமான பி.டி.ஏ., தீயணைப்புத் துறை, குடிநீர் வாரியம், மின்விநியோக நிறுவனமான பெஸ்காம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், விமான நிலைய ஆணையம் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, வாங்க வேண்டும். அலுப்பூட்டும் காகித ஊர்வலம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அதற்குள் இருக்கும் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அலுப்பு போய்விடும்.

ஓர் ஏக்கர் மனையை எடுத்துக்கொள்வோம்: 4,047 சதுர மீட்டர். மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதை பெங்களூரில் எஃப்.ஏ.ஆர். என்பார்கள், தமிழ்நாட்டில் எஃப்.எஸ்.ஐ. முன்னால் இருக்கும் சாலையின் அகலத்தைப் பொறுத்து அது கூடும், குறையும். மூன்று கிடைத்தது என்று வைத்துக்கொண்டால் 12,141 சதுர மீட்டர் அலுவலகம் கட்டலாம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு அலுவலகத்தில் ஆளுக்குப் பத்துச் சதுர மீட்டர் என்று கணக்கிடுகிறது. ஆக 1,214 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் தண்ணீர் என்பதும் அதே தொகுப்பின் அளவு. நாளைக்கு ஏறக்குறைய 55,000 லிட்டர் உள்ளே வர வேண்டும், அதில் பெரும்பகுதி கழிவாக வெளியே போக வேண்டும். வேடிக்கை இனிமேல்தான். ஐம்பது சதுர மீட்டர் அலுவலகத்துக்கு ஒரு கார் நிறுத்தம் என்று கணக்கிட்டால் 243 கார்கள். வண்டி நிற்கும் கட்டம், போகும் பாதை, திருப்பம், சரிவு எல்லாம் சேர்த்து ஒரு காருக்குச் சுமார் 30 சதுர மீட்டர் பிடிக்கும். அதாவது 7,300 சதுர மீட்டர். மனிதர்கள் வேலை செய்ய 12,000 சதுர மீட்டர் கட்டினால், கார்கள் சும்மா நிற்க அதில் பாதிக்கு மேல் கட்டியாக வேண்டும்.

அவ்வளவு கார்களுக்கும் தரையில் இடமில்லை. பூமிக்குள் போக வேண்டியதுதான். இரண்டு மூன்று தளம் பேஸ்மென்ட் என்றால் பத்து மீட்டர் வரை குழி. பெங்களூரின் அடியில் இருப்பது நைஸ் என்னும் பழம்பாறை. அதன் மேல் சிதைந்து மண்ணாகிப்போன அடுக்குதான் ஆழமில்லாத நிலத்தடி நீரைத் தாங்குகிறது. மேட்டில் தோண்டினால் பெரிய தொல்லை இல்லை. பள்ளத்தில், ஏரிக்குப் பக்கத்தில் தோண்டினால் நீர்மட்டத்துக்குக் கீழேயே கார் நிறுத்தம் அமைகிறது. அதன்பின் அந்தச் சுவர்கள் கட்டடம் இருக்கும்வரை நீரோடு மல்லுக்கு நிற்க வேண்டும்.

உயரத்துக்கு வேறொரு கணக்கு. ஹெச்.ஏ.எல். போன்ற விமான நிலையத்தைச் சுற்றி நான்கு கிலோமீட்டர் தூரம்வரை, அதன் மட்டத்திலிருந்து 45 மீட்டர் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை விரிந்திருக்கிறது. அதற்கப்பால் அது நூற்றுக்கு ஐந்து என்ற சரிவில் மேலேறும். அந்தக் கூரையை எந்தக் கட்டடமும் துளைக்கக்கூடாது. அனுமதிக்கப்படும் உச்சி கடல்மட்டத்திலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. எனவே மனை எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு கூடுதல் மாடி கட்டலாம்! வானத்து விதி பள்ளத்து நிலத்துக்குச் சலுகை தருகிறது. தண்ணீரின் விதி அதே நிலத்தை விட்டுவிடச் சொல்கிறது. இரண்டும் வெவ்வேறு மேசைகளில் இருக்கும் கோப்புகள்.

பெங்களூரில் பள்ளம் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல், மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ஊர் அது. பெரிய ஆறு எதுவும் ஊர் வழியாகப் போவதில்லை. விழும் மழை ஹெப்பாள், கோரமங்கலா–சல்லகட்டா, விருஷபாவதி என்ற மூன்று பள்ளத்தாக்குகளில் இறங்கிவிடும். அப்படி இறங்கும் தண்ணீரை மறித்துத்தான் ஏரிகள் வெட்டினார்கள். மேல் ஏரி நிரம்பிக் கோடி போனால் மிச்ச நீர் ராஜகாலுவே என்னும் பெருங்கால்வாய் வழியாகக் கீழ் ஏரிக்கு வரும். அது நிரம்பினால் அடுத்தது. செங்கல்பட்டு, ராமநாதபுரம் பக்கத்து ஏரி கண்மாய்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கில் அகரா ஏரியின் மிச்சம் பெல்லந்தூருக்கும், பெல்லந்தூரின் மிச்சம் வர்த்தூருக்கும் போகிறது. சுமார் 900 ஏக்கர் பரப்புள்ள பெல்லந்தூர்தான் இவற்றில் பெரியது.

அகராவுக்கும் பெல்லந்தூருக்கும் நடுவே தாழ்ந்த நிலம் ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் நீர் பரவி நிற்கும் இடம். கர்நாடகத் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியம் கையகப்படுத்திய அந்தப் பகுதியில் சுமார் 64 ஏக்கர், மென்பொருள் பூங்காவை மையமாகக் கொண்ட பெரிய வளாகத் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது. பின்னாளில் மந்திரி டெக்சோன் என்று பெயர் மாறிய நிறுவனத்தின் திட்டம் அது. பக்கத்திலேயே கோர் மைண்ட் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் வேறொரு திட்டம். 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று வந்த மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடத் திட்டங்களுக்குச் சூழல் அனுமதி வேண்டும். மாநில நிபுணர் குழு ஒன்று காகிதங்களைப் பார்த்துப் பரிந்துரைக்கும். மாநிலச் சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி தரும். சுரங்கத்துக்கும் அணைக்கும் இருப்பதுபோல மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டடங்களுக்குக் கிடையாது. அறிவிக்கையே விலக்கு அளித்திருக்கிறது. இங்கிலாந்தில் பக்கத்து மனையில் கட்டடம் வருகிறதென்றால் உள்ளூர் மன்றம் அறிவிப்பு வைத்து, ஆட்சேபம் சொல்ல 21 நாள் தரும். நம் ஊரில் பக்கத்து மனைக்காரருக்கு முதல் தகவல் சொல்வது பெரும்பாலும் ஜேசிபிதான்.

பெல்லந்தூர்ப் பள்ளத்தில் ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 2013இல் இந்திய அறிவியல் கழகத்தின் டி.வி. ராமச்சந்திராவும் உடன் ஆய்வாளர்களும் அந்த ஈரநிலத்தைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டார்கள். 2014இல் ஃபார்வர்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பும் வேறு சிலரும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள்.

வழக்கின் முடிவுக்கு முன், அவர்கள் எதைப் பார்த்துப் பயந்தார்கள் என்பதை எண்ணில் பார்த்துவிடலாம். இதற்கான சூத்திரத்தை 1851இல் முன்வைத்தவர் தாமஸ் முல்வனி என்ற அயர்லாந்துப் பொறியாளர். மழையின் வேகம், நிலத்தின் பரப்பு, பெய்ததில் வழிந்தோடும் பங்கு ஆகிய மூன்றையும் பெருக்கினால், நிலத்திலிருந்து நொடிக்கு எவ்வளவு நீர் வெளியேறும் என்று தெரிந்துவிடும். உலகெங்கும் நகரங்களின் சாக்கடைகளும் மழைநீர்க் கால்வாய்களும் இன்னமும் பெரும்பாலும் இந்தப் பெருக்கலில்தான் ஓடுகின்றன. கணினியும் செயற்கைக்கோளும் வந்த பிறகும் முல்வனியை யாரும் ஓய்வுக்கு அனுப்பவில்லை.

64 ஏக்கர் என்றால் 2,59,000 சதுர மீட்டர். மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டுகிறது என்போம். பெங்களூரின் மாலைநேர இடிமழைக்கு இது அதிசயமில்லை. அவ்வளவு பரப்பில் நொடிக்கு 4,300 லிட்டர் விழும். புல்லும் மண்ணுமாக இருக்கும் நிலம் இதில் கால்பங்கை மட்டுமே வழியவிடும் என்று கொண்டால் நொடிக்கு 1,080 லிட்டர் கால்வாய்க்குப் போகும். கூரை, கான்கிரீட், தார் என்று மூடிவிட்டால் வழியும் பங்கு 0.85 ஆகிவிடும்: நொடிக்கு 3,670 லிட்டர். கோடையில் பெங்களூர்த் தெருக்களில் அலையும் 12,000 லிட்டர் டேங்கர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதே மழைக்கு முன்பு பதினோரு நொடிக்கு ஒரு டேங்கர் கால்வாயில் கொட்டியது. இப்போது மூன்றரை நொடிக்குள் ஒன்று கொட்டுகிறது.

உண்மையில் நிலைமை இதைவிட மோசம். காரணம் சூத்திரத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ‘மழையின் வேகம்’ என்றேனே, எவ்வளவு நேர மழையின் வேகம்? நிலத்தின் தொலைவான மூலையில் விழுந்த துளி வெளியேறும் இடத்துக்கு வந்துசேர எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் நீடிக்கும் மழையை எடுக்க வேண்டும். புல்தரையில் துளி தடுக்கித் தடுக்கி வரும். முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். வழவழப்பான கான்கிரீட்டிலும் குழாயிலும் பத்து நிமிடத்தில் வந்துவிடும். குறைந்த நேர மழைக்கு வேகம் எப்போதும் அதிகம்: ஒரு மணி நேரச் சராசரியாக 60 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்யும் மழைகூட, இடையில் ஒரு பத்து நிமிடம் நூறைத் தாண்டிய வேகத்தில் கொட்டியிருக்கும். கட்டடம் வந்த பிறகு பொறியாளர் கணக்கில் எடுக்க வேண்டியது அந்தப் பத்து நிமிட வேகத்தை. ஆக, வழியும் பங்கு கூடுவது ஒரு பெருக்கல் என்றால், வேகம் கூடுவது அதன் மேல் இன்னொரு பெருக்கல். கட்டடம் ஒரு சொட்டு மழையைக்கூட அதிகமாக வரவழைப்பதில்லை. வழியும் பங்கையும் வரும் நேரத்தையும்தான் மாற்றுகிறது. வெள்ளத்துக்கு அதுவே போதும்.

பழைய ஏரித் தொடர் செய்துகொண்டிருந்த வேலையும் நேரத்தோடு சம்பந்தப்பட்டதுதான். மேலே நாலு ஏரி இருந்தால் நாலு இடத்தில் தண்ணீர் தாமதிக்கும். ஒவ்வொன்றின் உச்ச நீரும் வெவ்வேறு நேரத்தில் கீழே வரும். மேலேயுள்ள சின்ன ஏரி தூர்ந்து, பேருந்து நிலையமாகவோ விளையாட்டரங்கமாகவோ ஆன பிறகு, எல்லாப் பக்கத்து உச்சமும் ஒரே வேளையில் பள்ளத்தில் வந்து முட்டுகிறது. கால்வாய்களும் சுருங்கின. இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் பெங்களூர் மழைநீர் மேலாண்மை அறிக்கை பழைய சர்வே வரைபடங்களையும் பிந்தைய நிலவரத்தையும் ஒப்பிட்டது. கோரமங்கலாப் பள்ளத்தாக்கில் 1900களின் தொடக்கத்தில் 113 கிலோமீட்டராக இருந்த கால்வாய் நீளம் 2016–17இல் 63 கிலோமீட்டர். விருஷபாவதிப் பள்ளத்தாக்கில் 226 கிலோமீட்டர் 111 ஆகியிருந்தது. இரண்டு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டராகத் தின்றால் நூறு ஆண்டில் இவ்வளவு போகும்.

2015ஆம் ஆண்டு மே 7 அன்று பசுமைத் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. சூழல் அனுமதி வருவதற்கு முன்பே வேலை தொடங்கியதாகக் கண்டு, திட்டச் செலவில் ஐந்து சதவீதம் என்ற கணக்கில் ஒரு நிறுவனத்துக்கு 117.35 கோடி ரூபாயும் மற்றதற்கு 22.5 கோடியும் அபராதம் விதித்தது. செய்தித்தாள்கள் அபராதத்தைத் தலைப்பாக்கின. எனக்கு அடுத்த ஆண்டு மே 4 அன்று வந்த உத்தரவுதான் சுவையானது. பெருந்திட்டம் ஏரியைச் சுற்றி 30 மீட்டர் விடச் சொல்லியிருந்தது. தீர்ப்பாயம் 75 மீட்டர் என்றது. முதல்நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலைக் கால்வாய்களுக்குப் பெருந்திட்டத்தில் 50, 25, 15 மீட்டர். தீர்ப்பாயத்தில் 50, 35, 25. முதல் எண் மாறவில்லையே என்று தோன்றும். ஆனால் பெருந்திட்டம் கால்வாயின் நடுவிலிருந்து அளந்தது, தீர்ப்பாயம் விளிம்பிலிருந்து அளக்கச் சொன்னது. முப்பது மீட்டர் அகலக் கால்வாய் என்றால் எண் மாறாமலே ஒவ்வொரு கரையிலும் பதினைந்து மீட்டர் கூடிவிடுகிறது. டேப்பின் முனையை எங்கே வைப்பது என்பதில் இவ்வளவு நிலம் இருக்கிறது.

ஏரி விஷயத்தில் நிலம் இன்னும் அதிகம். பெல்லந்தூரை ஒரு வட்டமாக வைத்துக்கொண்டால்கூட, 30 மீட்டரை 75 ஆக்கும்போது ஏறக்குறைய 80 ஏக்கர் கூடுதலாகக் கட்டடமில்லாப் பகுதியாகிறது. ஏரி நிஜத்தில் கையும் காலுமாக நீண்டு கிடப்பதால் இன்னும் கூடும். தீர்ப்பாயம் இதை அந்த இரண்டு திட்டங்களுக்கு மட்டும் சொல்லவில்லை, ஊர் முழுதுக்கும் பொதுவாகச் சொன்னது. ஏற்கெனவே மனை வாங்கியவர், வரைபட அனுமதி பெற்றவர், பாதி கட்டியவர் எல்லோரும் ஒரே நாளில் தடை வளையத்துக்குள் வந்தார்கள்.

எது சரியான எண் என்று அறிவியலைக் கேட்டால், அது ‘எதற்காக?’ என்று திருப்பிக் கேட்கும். வண்டல் கலந்த நீர் அடர்ந்த புல்லுக்குள் நுழைந்தால் வேகம் குறைந்து, பருமணலை முதல் சில மீட்டரிலேயே போட்டுவிடும். நுண்ணிய களிமண் படிய இன்னும் தூரம் வேண்டும். நீரில் கரைந்த நைட்ரேட்டைப் புல்லால் பிடிக்க முடியாது. அது மண்ணுக்குள் இறங்கி, காற்றுப் புகாத சதுப்பு அடுக்கைக் கடக்க வேண்டும். அங்கே ஆக்சிஜன் கிடைக்காத பாக்டீரியா நைட்ரேட்டைக் கொண்டு சுவாசித்து, கடைசியில் நைட்ரஜன் வாயுவாக வெளியே விடுகிறது. கழிவுநீரில் வந்த ஒன்று, யாரும் மோட்டார் போடாமல், காற்றோடு காற்றாகக் கலந்துவிடுகிறது. இந்த ஒரு வேலைக்காகவே ஏரிக்கரைச் சேற்றை மதிக்கலாம். பாஸ்பேட்டுக்கு அந்த வழி இல்லை. அதற்கு வாயு உருவமே கிடையாது. களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு கரையிலேயே தங்கும். ஒட்ட இடம் தீர்ந்ததும் மறுபடி ஏரிக்குள் கசியும். சரிவு எவ்வளவு, மண் எது, கரையில் இருப்பது புல்லா மரமா, தண்ணீர் பரவலாக வருகிறதா ஓடையாக வருகிறதா என்பதைப் பொறுத்துத் தேவையான தூரம் பத்து மீட்டராகவும் இருக்கும், நூறாகவும் இருக்கும்.

எந்த எண்ணையும் ஒன்றுமில்லாமல் செய்துவிடும் பொருள் ஒன்று இருக்கிறது: குழாய். வளாகத்தின் மழைநீரை, சில இடங்களில் கழிவுநீரையும் சேர்த்து, ஒரு குழாயில் இறக்கி இடைவெளி நிலத்துக்கு அடியில் கொண்டுபோய் ஏரியில் விட்டுவிட்டால், மேலே 75 மீட்டர் பூங்கா இருந்தாலும் அந்த நீருக்கு அது தெரியாது. அதனால் தூரத்தைவிட, நீர் அந்தத் தூரத்தை எப்படிக் கடக்கிறது என்பதைத்தான் மதிப்பீட்டில் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. தூரத்தை அளக்க டேப் போதும், குழாயைத் தேட மண்ணைத் தோண்ட வேண்டும். அதிகாரிக்கு எது வசதி என்று சொல்லத் தேவையில்லை.

2019ஆம் ஆண்டு மார்ச் 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயத்தின் பொது இடைவெளி உத்தரவை ரத்து செய்தது. 75 மீட்டர் அறிவியல்படி தவறு என்று அது சொல்லவில்லை. பெருந்திட்டம் சட்டப்படி வகுக்கப்பட்டது. அதைத் திருத்தும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்குக் கிடையாது என்றது. ஊருக்கு 30 மீட்டர் திரும்பி வந்தது. 2025 ஆகஸ்டில் கர்நாடகச் சட்டமன்றம் ஏரியின் பரப்புக்கு ஏற்ப இடைவெளியை மாற்றும் மசோதாவை நிறைவேற்றியது. பெரிய ஏரிக்கு 30 மீட்டர், சிறியதற்குப் படிப்படியாகக் குறைவு. பார்க்க நியாயமாகத் தெரியும். தொடரின் தலைமாட்டில் இருந்து வெள்ளத்தை முதலில் தாமதப்படுத்துவது பெரும்பாலும் அந்தச் சிறிய ஏரிகள்தான் என்பதை முல்வனியின் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் சொல்வார்கள்.

இதற்கு நடுவே 2022 வந்துபோயிருந்தது. ஆகஸ்ட் 30 அன்று பெய்த மழையில் வெளிவட்டச் சாலையில் ஊழியர்கள் ஐந்து மணி நேரத்துக்கு மேல் மாட்டிக்கொண்டதாகவும், 225 கோடி ரூபாய் நட்டம் என்றும் அந்தச் சாலையின் நிறுவனங்கள் சங்கம் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதியது. செப்டம்பர் 4 இரவு அதைவிடப் பெரிய மழை. மறுநாள் காலையில் முடிந்த 24 மணி நேரத்தில் நகரில் 130 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானது. மென்பொருள் பொறியாளர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போன படங்கள் உலகம் சுற்றின. 243 கார்களுக்குக் கணக்குப்போட்டுத் தோண்டிய மாதிரியான பேஸ்மென்ட்டுகள், மதிப்பீட்டில் எந்தப் படிவமும் ஒதுக்கித் தராத வெள்ளச் சேமிப்புத் தொட்டிகளாக அன்று வேலை செய்தன. மூழ்கிய வளாகங்கள் எல்லாம் விதி மீறியவை என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு வளாகமும் தன் மனைக்குள் விழும் மழைக்கு மட்டும் கணக்குக் காட்டி அனுமதி வாங்கியிருக்கலாம். 2009இல் குடிநீர் வாரியச் சட்டத்தைத் திருத்தி மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய ஊர் அது, தொட்டிகளும் இருந்திருக்கும். மேலேயிருந்து, அடுத்தவர் மனைகளிலிருந்து, பள்ளத்தாக்கு முழுவதிலிருந்தும் வரும் தண்ணீருக்கு யாருடைய கோப்பிலும் ஒரு பக்கம் இல்லை. பத்துத் திட்டம் வந்தால் பத்துத் தனித்தனி மதிப்பீடு நடக்கும். பத்தையும் கூட்டிப் பார்க்கும் மேசை எது என்று நம் முறை சொல்வதில்லை. 2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்திருக்கிறது. பள்ளத்தாக்குகள் மூன்றுதான், அவற்றின் எல்லைகள் எந்த வார்டுக்கும் பொருந்துவதில்லை.

பெல்லந்தூர் தமிழர்களுக்குத் தூரத்து ஏரி அல்ல. அதன் மிச்சம் வர்த்தூர் வழியாகத் தட்சிண பினாகினியில் சேர்கிறது. நமக்கு அது தென்பெண்ணை. ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை, பிறகு கிருஷ்ணகிரி, சாத்தனூர், கடைசியில் கடலூர் அருகே கடல். பெல்லந்தூர்க் கோடியில் வெள்ளை மலையாக எழும்பிய நுரை செய்தியானது. 2015 மேயிலும் 2017 பிப்ரவரியிலும் ஏரி தீப்பிடித்தது இன்னும் பெரிய செய்தியானது. சலவைத்தூள் கலந்த கழிவுநீர் உயரத்திலிருந்து விழும்போது காற்றைக் கலக்கிக்கொண்டு நுரைக்கும். அதனால்தான் ஏரிக்குள் அமைதியாகக் கிடப்பது கோடியில் பொங்குகிறது. மதகு திறந்து தண்ணீர் மறுபடி வேகமாக விழும்போது கெலவரப்பள்ளியிலும் அதே நுரை. பெங்களூரில் ஒரு கட்டடத்துக்குக் கழிவுநீர் இணைப்பு அனுமதிக்கும் கையெழுத்தின் பலன் ஓசூர் விவசாயியின் வாய்க்காலில் தெரிகிறது. மதிப்பீட்டுப் படிவம் மாநில எல்லையோடு முடிந்துவிடுகிறது.

சென்னையிலும் இதே கேள்வி வேறு பெயரில் வந்துவிட்டது. 2022இல் ராம்சர் தளமான பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதி எதுவும் தரக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. 75 மீட்டர் எங்கே, ஒரு கிலோமீட்டர் எங்கே! ஆனால் இந்த முறை எண் நிரந்தரமாகச் சொல்லப்படவில்லை. சதுப்பு நிலத்தின் தாக்கப் பகுதி எதுவரை என்று அறிவியல் ஆய்வு முடிவு செய்யும்வரைதான். அந்த ஆய்வைச் செய்பவர்கள் டேப்பை எடுப்பதற்கு முன், தென்சென்னையின் எந்தெந்த ஏரி நிரம்பினால் பள்ளிக்கரணைக்கு எத்தனை மணி நேரத்தில் நீர் வருகிறது, அதில் எவ்வளவு மண்ணுக்கு மேலே வருகிறது, எவ்வளவு குழாய்க்குள் வருகிறது என்று வரைய வேண்டியிருக்கும்.